கட்டிலில் ஒரு ஐயா

சைக்கிள் கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் வேறு யாரோ படுத்திருந்தார்.

கழுத்துவரை மூடியிருந்தது கடைக்காரருடைய போர்வை. தலைக்கு அடியில் இருந்தது கடைக்காரருடைய தலையணை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கட்டிலோரம் நின்றிருந்த மனைவியின் குரல் இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு குரலை அவர் கேட்டதே கிடையாது.

"ஐயா, இப்ப உங்க தோள்ல கை வைக்கப் போறேன். வைக்கலாமா? வலிச்சா உடனே சொல்லிடணும், சரியா?"

"யாருடி அது?" என்று வாசற்படியிலிருந்தே அலறினார் கடைக்காரர்.

"கத்தாதீங்க. ஐயா பயந்துடப் போறார்."

கிட்டே போய்ப் பார்த்தார். ரப்பர் முகம், வரைந்து வைத்த புருவம், மூடாத கண். பொம்மை!

முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு மனைவி பயிற்சியில் சேர்ந்திருந்தாள். திங்கட்கிழமை செய்முறைப் பரீட்சை. பயிற்சி மையத்து மேடம் ஆளுக்கொரு பொம்மையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அதை வைத்துப் பழகி, பரீட்சைக்கும் அதையே கொண்டுவரச் சொல்லியிருந்தார். பாஸ் செய்தால் அடுத்த தெரு முதியோர் இல்லத்தில் வேலை நிச்சயம். மகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, இப்போதுதான் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டிருந்தாள். கடைக்காரரும் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்திருந்தார். வீட்டுக்கு இப்படியொருத்தன் வந்து சேருவான் என்று யார் கண்டது?

"பொம்மைக்கு எதுக்கு ஐயா?"

"பொம்மைன்னு நெனச்சா கையும் அப்படித்தான் புடிக்குமாம். மனுஷன்னு நெனச்சுக் கூப்பிடணும்."

"இங்க ஒரு மனுஷன் பசியோட நிக்கிறான்."

"அடுப்படியில இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க. நான் ஐயாவை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும். ஒரே பக்கமா படுத்தா உடம்பு புண்ணாயிடும்."

"எனக்கு வயிறே புண்ணாயிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

சோறு இறங்கினால்தானே? காது முழுவதும் அந்த அறையில்தான் இருந்தது. தொடுவதற்கு முன்னால் கை கழுவினாள், தொட்ட பிறகும் கழுவினாள். கையுறை மாட்டினாள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, குழந்தையைத் திருப்புவது போல் திருப்பினாள். துடைக்கிற தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்தாள். கடைக்காரருக்கு வெந்நீர் வைத்தால், அது வெந்நீரா கொதிநீரா என்று அவர் காலை விட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவாவது போகட்டும். போன மாதம் அவருடைய நீலச் சட்டையைக் கேட்காமல் கொள்ளாமல் கரித்துணியாக்கியவள், அந்த ரப்பர் பயலின் சட்டைப் பொத்தானைத் தொடுவதற்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள்!

சாயங்காலம் கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"எனக்கும் முதுகு வலிக்குது."

"தைலம் அலமாரியில இருக்கு" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "அப்புறம், ராத்திரி நீங்க ஹால்ல படுத்துக்குங்க. ஐயாவைத் தனி ஆளா தூக்கி இறக்கக் கூடாது. ரெண்டு பேர் வேணும்."

"நான் ரெண்டாவது ஆளுதானே?"

"நீங்க வகுப்புக்கு வரலையே."

ஹாலில் பாயை விரித்தபோது, கல்லூரிக்குப் போகிற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, ஒரு பொம்மையைப் பாத்தா பொறாமைப்படறீங்க?"

"பொறாமையா? எனக்கா? அதுவும் ரப்பர்மேலயா? நான் டயர் டியூபுக்கு நடுவுல பொறந்து வளர்ந்தவன்!"

பொறாமைதான். சாதாரணப் பொறாமை இல்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பிக் காது வழியாகப் புகைகிற பொறாமை.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த கால் துடைக்கிற மிதியடிகளையெல்லாம் மனைவி சுருட்டி மூலையில் போட்டாள். "தடுக்கி விழுறதுக்குன்னே போட்டு வெச்சிருக்கோம்" என்றாள். தாயும் மகளும் கடைத்தெருவுக்குக் கிளம்பியதும் கடைக்காரர் செய்த முதல் காரியம், கட்டிலோரம் தன் மிதியடியைத் திரும்ப விரித்ததுதான். இது யார் வீடு?

இரண்டாவது காரியம், ஐயாவை ஸ்டோர் ரூமுக்குக் கடத்துவது.

"எழுந்திருடா" என்றார். அனுமதியாவது ஒன்றாவது! இடுப்பை மடக்கிக் குனிந்து, அக்குளுக்குள் கையை விட்டு, தனியாளாக ஒரே தூக்கு. மனைவி எதையெல்லாம் செய்யக் கூடாதென்று நேற்றிலிருந்து மனப்பாடம் செய்தாளோ, அத்தனையையும் ஒரே மூச்சில் செய்து முடித்தார்.

ஐயா நல்ல கனம். கடைக்காரர் மிதியடியில் கால் வைத்தார், மிதியடி அவரை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியது. இருவரும் கட்டிப்பிடித்தபடி தரையில் விழுந்தார்கள். கடைக்காரரின் முதுகில் 'மளுக்' என்றது. ஐயாவின் இடது கால் கழன்று கதவுப் பக்கம் போய்விட்டது.

கடைக்காரர் அந்தக் காலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்து, கடைக்கு ஓடிப் போய் பஞ்சர் ஒட்டுகிற சாமான்களை எடுத்துவந்தார். ரப்பர்தானே! தேய்த்தார், பசை தடவினார், காய வைத்தார், காலைப் பொருத்தி அமுக்கிப் பிடித்தார். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்று பார்த்தால் ஐயாவின் முகம் கூரையைப் பார்த்தது, இடது கால் கட்டைவிரல் தரையைப் பார்த்தது.

பதறிப்போய்ப் பிடித்து இழுத்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நன்றாக எந்தப் பஞ்சரும் ஒட்டியதில்லை. காலோடு இடுப்பில் ஒரு துண்டும் பிய்ந்துகொண்டு வந்தது. அந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டார். இப்போது கால் மாட்டுகிற குழியே அடைபட்டுப் போனது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாடுபட்டு ஐயாவைக் கட்டிலில் ஏற்றி, காலைப் பக்கத்தில் வைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஐயா, இப்ப உங்க காலை மெதுவா மடக்கப் போறேன், சரிங்களா?" என்ற குரல் கேட்டது.

மனைவி காலும் கையுமாக வெளியே வந்தாள். கத்தினால்கூடத் தேவலை. அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் யாரைத் தூக்குவேன்?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். பண்ணியது பாவம்தான். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், 'ஒழிந்தான் பயல்' என்று ஒரு குரல் குதிக்கத்தான் செய்தது.

"நான் வரேன்" என்றார்.

"நீங்களா? காலுக்குப் பதிலாவா?"

"முழு ஐயாவாவே வரேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா பேச மாட்டார். நெளிய மாட்டார். குறை சொல்லவே மாட்டார். முடியுமா உங்களால?"

"மூச்சு விடலாமா?"

"அது மட்டும் விட்டுக்குங்க."

மறுநாள் பரீட்சை அறையில், பொம்மையின் நிலைமையை மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடிந்துகொள்வார் என்று பார்த்தால், மேடம் முகம் சுளிக்கவே இல்லை. "பரவாயில்லம்மா, சாரைப் படுக்கச் சொல்லு" என்றார்.

கடைக்காரர் படுத்தார். முதுகு வலியில் உயிர் போனது, மூச்சுக் காட்டவில்லை.

"ஐயா, உங்க கையைத் தொடலாமா?"

அடடா! ஐயா! யாரை? தன்னை! அவள் விரல் பஞ்சு மாதிரி பட்டது. இத்தனை வருஷத்தில் கிடைக்காத மரியாதை ஒரு பரீட்சையில் கிடைக்கிறதே என்று கடைக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஐயா அழறாரே" என்றார் மேடம்.

"ஐயா, எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டு, மனைவி மென்மையாகத் துடைத்துவிட்டாள். இப்படியே ஆயுள் பூராவும் படுத்துக் கிடக்கலாம் போலிருந்தது.

"சரி, இப்ப நாற்காலிக்கு மாத்து. துணைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டுக்கோ" என்றார் மேடம்.

துணைக்கு வந்தவன் ஒரு மீசைக்காரன். தோள் ஒவ்வொன்றும் தூண் மாதிரி. மனைவியும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று ஒரே குரலில் எண்ண ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. மீசையை முறைக்கலாமென்று கண்ணைத் திருப்பியபோதுதான் சக்கர நாற்காலியைப் பார்த்தார். ஒரு சக்கரத்துக்குத்தான் பிரேக் போட்டிருந்தது!

சைக்கிள்காரர் கண்ணுக்கு அது தப்புமா? வாயைத் திறந்தால் பரீட்சை போச்சு, திறக்காவிட்டால் நாற்காலி நழுவி மானமும் போச்சு. விழியை உருட்டி உருட்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இருங்க" என்று மீசைக்காரனை நிறுத்தினாள் மனைவி. "ஐயா, என்ன வேணும்?" என்று குனிந்து அவர் கண்ணையே பார்த்தாள். அந்தக் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு, சட்டென்று மற்ற பிரேக்கையும் போட்டாள்.

"வேலையை நிறுத்திட்டு அவர் முகத்தைப் பாத்தே பாரு, அதுதாம்மா பாடம். பாஸ்!" என்றார் மேடம்.

மனைவி கையெழுத்துப் போடப் போனாள். போகும்போது, "நல்ல ஐயா" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார், முதுகு வலித்தது, மறுபடி வளைத்துக்கொண்டார். பொண்டாட்டிக்காகப் பொம்மையாகவே படுத்தவன் உலகத்தில் தன்னைத் தவிர எவன் இருக்கிறான் என்று எண்ணியபடி, ரப்பர் கால் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளி பெஞ்சில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியிலிருந்த பையில் ரப்பர் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவர் பையில் உருண்டையாக ஏதோ இருந்தது, மூக்கு மாதிரி புடைத்திருந்தது. எல்லாரும் கடைக்காரரைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"இந்தக் காலை எங்க வைக்கிறது?" என்று வாசல் காவலாளியிடம் மெல்லக் கேட்டார் கடைக்காரர்.

"அந்தக் கூடையில போடுங்க சார்" என்றார் காவலாளி. "பரீட்சைக்கு வந்து படுக்க உசுருள்ள ஆளு வேணும்னு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிப் பாத்தோம், ஒருத்தரும் வரல, பொம்மையை வீட்டுக்குக் குடுத்தனுப்ப ஆரம்பிச்சோம், இதுவரைக்கும் ஒரு புருஷன்கூடத் தப்பல!"