சோபாவுக்கு மொட்டைமாடியில் இடமில்லை

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்கா, மூன்று தொட்டிச் செடிகள் ஆகிய அனைவரும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும், மூன்று பேர் உட்காரும் உங்கள் சோபாவும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, சோபா அங்கேயே நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சின்ன வீட்டுக்குக் குடிபோகிறீர்கள், சோபா வாசலிலேயே நுழையாது, எங்கள் மொட்டைமாடியில் போட்டுவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே தோட்டம் வரப்போகிறது என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், உங்கள் அக்கா பிடித்துக்கொண்டாள். "எந்தத் தோட்டம்? போன வருஷம் வாங்கிட்டு வந்து வரிசையா கருக வச்சீங்களே, அதுவா? இங்க பாருங்க, என் தம்பியோட லாரி வர்றதுக்குள்ள மாடியில ஒரு பூ, ஒரே ஒரு பூ பூத்திருக்கணும். இல்லேன்னா தகரம் போட்டு சோபாவை ஏத்திடுவேன்." அவள் சொன்னதில் நியாயம் உண்டு. போன கோடையில் நர்சரியில் எது அகல இலையோடு பளபளவென்று நின்றதோ அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். மேற்கு வெயில் முகத்தில் பட்டதும் அத்தனையும் மூர்ச்சை போட்டு விழுந்தன. ஆகவே இந்த முறை முறையான ஆராய்ச்சி. கடையில் எது அழகு என்று பார்ப்பதில்லை; உச்சி வெயிலில், யாரும் சீந்தாத இடத்தில், எது தலைநிமிர்ந்து நிற்கிறது என்று பார்ப்பது. குடையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். பஞ்சர் கடைச் சுவரோரம் ஒரு காகிதப்பூச் செடி, இலையைவிடப் பூ அதிகமாக, கல்யாணக் களையோடு நிற்கிறது! நான் தினமும் போய் நின்று உற்றுப் பார்க்க, கடைக்காரருக்குச் சந்தேகம்.

"என்ன சார், தினம் மத்தியானம் வந்து என் சுவத்தையே பாக்குறீங்க? வாங்கப் போறீங்களா?"

"இல்லப்பா, செடியைப் பாக்குறேன்."

"எந்தச் செடி?"

"இதோ, உன் தலைக்கு மேல. யாரு இதுக்குத் தண்ணி ஊத்துறது?"

"அட, இது இங்கதான் இருக்கா! டீ கிளாஸ் கழுவினா ஊத்துவேன் சார். எங்க கழுவுறோம்!"

அன்றைக்குப் புத்தி தெளிந்தது, மச்சான். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டும் தடவியும் பார்த்தேன். அரளிக்கு இலை தோல் மாதிரி தடிமன். கற்றாழைக்கு இலை முழுக்கத் தொந்தி, உள்ளே சேமித்த தண்ணீர். காலை பத்து மணிக்கு மேல் பூக்குமே டேபிள் ரோஸ், அதற்கு இலை என்று பேருக்குத்தான், அரிசி மணி அளவு. "பாத்தியா, மெல்லிசா பளபளன்னு இருக்கிறதெல்லாம் வெயில்ல படுத்துடுது, தடிச்ச தோலும் தொந்தியும் இருக்கிறதுதான் நிக்குது" என்று உங்கள் அக்காவிடம் விளக்கினேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அப்ப உங்களுக்கு எந்தக் கோடையிலும் ஆபத்தில்ல" என்றாள்.

நட்டேன். தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும், அதுவும் நான்தான் என்று உத்தரவும் போட்டேன். ஊரே தண்ணீருக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த வெயிலில், மச்சான், என் கற்றாழை தண்ணீரில் மூழ்கிச் செத்தது! அடித்தண்டு அழுகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பக்கத்துத் தொட்டிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. விசாரணை வைத்தேன்.

"பாவமா இருந்துச்சு. காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு சொம்பு ஊத்தினேன்" என்றாள்.

"நானும் சாயங்காலம் உனக்குத் தெரியாம ஊத்தினேன்."

"நீங்க எதுக்கு? உங்க ஆராய்ச்சிதானே?"

"அதனாலதான் பயம்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. தப்பியவை மூன்று: காகிதப்பூ, அரளி, பிறகு அந்த டேபிள் ரோஸ். அது தப்பியதற்குக் காரணம், விரிசல் விட்ட தொட்டியை நான் மலிவாக வாங்கி வந்து திட்டு வாங்கியதுதான், ஊற்றியதெல்லாம் ஒழுகிவிட்டது. அதில்தான் இப்போது ஒரு மொட்டு நுனி சிவந்து நிற்கிறது. நாளைக்கு நிச்சயம் விரியும். எனவே சோபாவைத் தயவுசெய்து வேறு யார் தலையிலாவது கட்டவும். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மொட்டுக்குக் காவலிருக்கும்
உங்கள் அத்தான்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பூத்துவிட்டது! ஜெயித்துவிட்டேன். ஆனால் இந்தப் பூ வெயில் ஏற ஏறத்தான் விரிகிறது, மத்தியானம் தாண்டினால் மூடிக்கொள்கிறது. அது விரிகிற விந்தையைப் பார்க்க நானும் உங்கள் அக்காவும் சுடுகிற தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். பார்த்து முடித்தபோது இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. "உக்காந்து பாக்க ஏதாவது இருந்தா தேவலை" என்று அவள்தான் முதலில் சொன்னாள். நாளைக்கு இன்னும் இரண்டு மொட்டு இருக்கிறது. சோபாவை உடனே அனுப்பவும். மூன்றாவது இடம் உங்களுக்கு, குடையோடு வாருங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.