வெள்ளி, மூன்று மணி, கிருஷ்ணப்பன்

“யாருல இந்தக் கிருஷ்ணப்பன்?”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மாசானம் அண்ணாச்சி கேட்டதும், பகலவன் வாயிலிருந்த வடை தொண்டைக்குப் போகாமல் நின்றுவிட்டது. அந்தப் பெயரை அவன் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை. தன்னுடைய கம்ப்யூட்டரில், தன்னுடைய காலண்டரில், தனக்காக மட்டும் எழுதி வைத்திருந்தான்: ‘வெள்ளி, மூன்று மணி, கிருஷ்ணப்பன், வள்ளூர்.’

தனக்காக மட்டும் என்று நினைத்ததுதான் தப்பு. போன வாரம் கம்ப்யூட்டர் போட வந்த வரதன், ஈமெயிலோடு காலண்டரையும் சேர்த்துவிட்டு, ஆபீசில் யார் காலண்டரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று செய்துவிட்டுப் போயிருந்தான். செய்யச் சொன்னவர் அண்ணாச்சி. துறைமுகத்துக்கு வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சியை ராயபுரத்தில் நடத்துகிறவர் அவர். ‘ஹார்பருக்குப் போயிட்டு வர்றேன்’ என்று கிளம்புகிற ஆட்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்பது பல வருடமாக அவர் மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. கம்ப்யூட்டர் பதில் சொல்லும் என்று நம்பிக் காசு செலவழித்திருந்தார்.

“புதுப் பார்ட்டி, அண்ணாச்சி” என்றான் பகலவன்.

வேறென்ன சொல்வான்? கிருஷ்ணப்பன் பெண்ணின் அப்பா. பெண் பெயர் மகிழினி. இரண்டு தடவை பெண் பார்க்க நாள் குறித்து, இரண்டு தடவையும் கப்பல் வந்து கெடுத்தது. லீவு கேட்டபோது அண்ணாச்சி, “பொண்ணு எங்கயும் போயிராதுல, கப்பல் போயிரும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மார்ச் முடிகிற வரை யாருக்கும் லீவு இல்லை என்று சுவரில் வேறு எழுதி ஒட்டியாயிற்று.

ஆனால் பெண் போய்விடும் போலிருந்தது. கிருஷ்ணப்பன் போனிலேயே சொல்லிவிட்டார். “இந்த வெள்ளிக்கெயம வரலன்னா வுட்ருங்க. மீஞ்சூர்ல இருந்து ஒரு எடம் கேட்டுகினு கீறாங்க.”

மகிழினியின் போட்டோ ஒரு மாதமாகப் பகலவனின் சட்டைப் பையில் இருந்தது. எல்லாப் பெண்களும் போட்டோவில் சிரிப்பார்கள். இவள், ‘இன்னும் எவ்ளோ நேரம்?’ என்று கேட்பதுபோல் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

“புதுப் பார்ட்டியா? என்ன சரக்கு?”

“மெஷினரி, அண்ணாச்சி.”

“எத்தன கண்டெய்னர்?”

“நாப்பது.”

இரண்டு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பயந்தவன் வாயில் கணக்கு நிற்காது.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். “நானும் வாரேன்” என்று சொல்லி, வரதன் கற்றுக்கொடுத்தபடி தன் பெயரை அவரே அந்தக் கட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார். கையோடு மார்க்கெட்டிங் பெனிட்டோவின் பெயரையும் சேர்த்தார்.

பகலவன் தன் இடத்துக்கு வந்து, முதல் காரியமாக மீட்டிங்கை அழித்தான். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் அனுப்பட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மரியாதை தெரிந்த பிள்ளை, ஆமாம் என்று அழுத்தினான்.

அடுத்த நொடி கண்ணாடி அறைக் கதவு திறந்தது.

“ஏல பகலவா, ரத்துன்னு வருது. நாப்பது கண்டெய்னர எவன்கிட்ட கொண்டு போறான் அந்த ஆளு?”

“எங்கியும் போவல அண்ணாச்சி. நான்தான் கை தவறி…”

“கை தவறுனா திருப்பிப் போடு. பார்ட்டி கை தவறுனா நாம தெருவுல நிக்கணும்.”

திருப்பிப் போட்டான். அவசரத்தில் யார் யாருக்கு என்று கேட்ட இடத்தில் ‘எல்லோருக்கும்’ என்று விழுந்துவிட்டது. டீ வந்து சேர்வதற்குள் ஆபீசிலிருந்த ஒன்பது பேரும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

“பேமெண்ட் பத்திப் பேசணும்னா நான் இல்லாம எப்படி?” என்றாள் அக்கவுண்ட்ஸ் ரோஸ்மேரி.

“நாப்பது கண்டெய்னர் பார்ட்டிய மார்க்கெட்டிங்தான் முதல்ல பார்க்கணும். நீ பாட்டுக்கு நேரா அண்ணாச்சிகிட்ட கொண்டு போயிட்ட” என்று பெனிட்டோ கோபித்துக்கொண்டான்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் பாஸ்கலுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அவனுக்கு அழைப்பும் வரவில்லை. அவன் இரண்டு நாள் பகலவனோடு பேசவில்லை.

புதன்கிழமை பகலவனுக்கு ஒரு வழி தோன்றியது. மீட்டிங்கை அழிக்க முடியாது, சரி. இடத்தை மாற்றலாமே. காலண்டரைத் திறந்து, வள்ளூரை எடுத்துவிட்டு எண்ணூரில் ஒரு ஓட்டலின் பெயரைப் போட்டான். “நான் போயி அவர இட்டுகினு வரேன். நீங்கல்லாம் ஓட்டலுக்கு வந்துடுங்க” என்று எல்லோரிடமும் சொன்னான். அவர்கள் எண்ணூரில் காத்திருப்பார்கள், அவன் வள்ளூரில் பெண் பார்ப்பான். திங்கட்கிழமை என்ன ஆகும் என்பதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்ட அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக்கு ஆள் அனுப்பி, சரிகை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கி வரச் செய்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பகலவனும் அவன் அம்மா ரமாபாயும் வள்ளூரில் கிருஷ்ணப்பன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வெற்றிலைக்காம்பு போல் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர்.

“நான்தான் கிருஷ்ணப்பன்” என்றார் அவர், மனப்பாடம் செய்தவர் மாதிரி.

“கரண்டு ஆபீஸ்ல உங்களுக்கு எந்த ஷிப்டு?” என்று ரமாபாய் பேச்சுக்குக் கேட்டாள்.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது மாறி மாறி வரும்” என்றார். பாவம், பெண்ணைப் பெற்ற பதற்றம் என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள்.

பகலவனுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. எண்ணூர் ஓட்டலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாச்சி மடியில் பொன்னாடை இருக்கும். நேரம் ஆக ஆக அவர் முகம் எப்படி மாறும் என்பதை அவன் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தில் ஆபீஸ் வேனை வள்ளூருக்கே திருப்பிவிட்டால்? முதலில் காலண்டரில் வள்ளூர் என்றுதானே இருந்தது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதி எழுந்து உட்கார்ந்தான்.

மகிழினி காபித் தட்டோடு வந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான்.

“யார்னா வராங்களா?” என்று அவள் கேட்டாள்.

“இல்லியே.”

“வந்ததுலேந்து வாசலியே பாத்துகினு கீறீங்களே. அங்க ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க.”

பார்த்தான். அதே முறைப்பு. போட்டோவில் இருந்ததைவிட நேரில் இன்னும் கொஞ்சம் அதிகம். பகலவனுக்கு வேன், பொன்னாடை, நாற்பது கண்டெய்னர் எல்லாம் மறந்துபோய், காபி சட்டையில் கொட்டியது. அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கிளம்பும்போது ஒல்லி மனிதர் மறுபடியும் சமையலறையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “எங்களுக்குப் புடிச்சிகீது. ஆனா ஆபீஸாண்ட போயி ஒரு வார்த்த விசாரிச்சிட்டுத்தான் பதில் சொல்வோம். தப்பா நெனச்சிக்காதீங்க.”

 பெண் வீட்டார் பையனைப் பற்றி ஆபீசில் விசாரிப்பது ஊர் வழக்கம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விசாரிக்க வருகிறவர் வாசலில் நின்று தன் பெயர் கிருஷ்ணப்பன் என்று சொல்லுவாரே. வேலையும் போகும், பெண்ணும் போகும், இரண்டும் ஒரே நிமிடத்தில் போகும்.

திங்கட்கிழமை, பார்ட்டியின் கார் நடுவழியில் நின்றுபோன கதையை வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மூன்று விதமாகத் தயார் செய்துகொண்டு உள்ளே நுழைந்தான்.

ரோஸ்மேரி முந்திக்கொண்டாள். “கிருஷ்ணப்பன் சார் எவ்வளவு தன்மையான மனுஷர். ஒரு மணி நேரம் பேமெண்ட் பத்தியே பேசிட்டிருந்தோம்.”

பகலவன் அவளையே பார்த்தான். அவள் புருவம் இரண்டும் பியூட்டி பார்லர் போய் வந்ததுபோல் புதிதாக, நூல் பிடித்தாற்போல் இருந்தன.

“கொஞ்சம் கறார்தான். ஆனா என்கிட்ட மசிஞ்சிட்டார்” என்றான் பெனிட்டோ. “நான் போகும்போது நீங்க கிளம்பிட்டீங்க போல, ரோஸ்மேரி.”

“ஆமா ஆமா. நான் சீக்கிரமே வந்துட்டு சீக்கிரமே கிளம்பிட்டேன்.”

ஆளாளுக்கு வந்து கிருஷ்ணப்பனைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவருக்கு அவர் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தார். இன்னொருவரிடம் சர்க்கரை வியாதி என்று டீகூடக் குடிக்கவில்லை. அங்கே போகாதவன் தான் ஒருத்தன் மட்டும்தானோ என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

கடைசியில் அண்ணாச்சி வந்தார். வெள்ளிக்கிழமை காலை வரை நரைத்திருந்த அவர் தலை இப்போது கன்னங்கரேலென்று பளபளத்தது.

“நான் வாரதுக்குள்ள நீங்கள்லாம் கெளம்பிட்டிய” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். “நானும் அவரும் தனியா இருந்து பேசி முடிச்சிட்டோம். நல்ல பார்ட்டி. பொன்னாடையத்தான் வண்டியில மறந்து வச்சிட்டேன்.”

பகலவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருத்தரும் எண்ணூர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஒன்பது பேருக்கும் அவன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தானமாகக் கொடுத்திருக்கிறான். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சம்பளமில்லாமல் பயந்து செத்தவன் அவன் ஒருத்தன்தான்.

“ஆமா அண்ணாச்சி, உங்கள அவருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு” என்றான். சொல்லி வாய் மூடவில்லை, பாஸ்கல் உள்ளே தலையை நீட்டினான்.

“அண்ணாச்சி, வள்ளூர்ல இருந்து கிருஷ்ணப்பன்னு ஒருத்தர் வந்துகீறாரு.”

 பகலவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே வந்தவர் ஒல்லி இல்லை. கண்ணாடியும் இல்லை. பீப்பாய் போன்ற உடம்பு, வழுக்கைத் தலை, பெரிய மீசை. பகலவன் இந்த மனிதரைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

ஆனால் ஒன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“வாங்க சார், வெள்ளிக்கிழமை பார்த்தது” என்றாள் ரோஸ்மேரி.

“கொஞ்சம் இளைச்சிட்டீங்களே சார்” என்று பெனிட்டோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வண்டியில் மறந்ததாகச் சொன்ன பொன்னாடையை அண்ணாச்சி மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, அவர் தோளில் போர்த்தினார்.

வந்தவர் திகைத்தார். “நாம எங்க பாத்துகினோம்?”

“என்ன சார் இப்படிக் கேக்குதிய? எண்ணூர்ல பாத்தோம்லா” என்றார் அண்ணாச்சி. எட்டுத் தலைகள் ஆடின.

வந்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “சரி. இங்க பகலவன்னு ஒரு பையன் வேல செய்றாராமே. ஆளு எப்படி?”

“தங்கமான பய. உங்கள எங்ககிட்ட கூட்டிட்டு வந்தவனே அவன்தான? இதோ நிக்கான் பாருங்க.”

பகலவனின் மூளை வேகமாக ஓடியது. தன்னைப் பற்றி விசாரிக்கிறார், வள்ளூர் என்கிறார், கிருஷ்ணப்பன் என்கிறார், ஆனால் கிருஷ்ணப்பன் இல்லை. மீஞ்சூர்க்காரர்கள்தான் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். இங்கே எதையாவது கிளறிக்கொண்டு போய், சம்பந்தத்தைக் கலைக்கப் பார்க்கிறார்கள். நிஜமான கிருஷ்ணப்பன் அடுத்து வந்தால், ஏற்கனவே ஒருத்தர் உள்ளே இருக்கிறார் என்று பாஸ்கல் விரட்டிவிடுவான். போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

“அண்ணாச்சி, இவரு கிருஷ்ணப்பன் இல்ல.”

“என்னல உளறுத?”

“பார்ட்டியே இல்ல அண்ணாச்சி. கண்டெய்னரும் இல்ல. லீவு தரமாட்டீங்கன்னு பொய் சொன்னேன். வெள்ளிக்கெயம நான் வள்ளூர்ல பொண்ணு பாக்கப் போனேன். பொண்ணோட அப்பா பேருதான் கிருஷ்ணப்பன். ஒல்லியா இருப்பாரு, கண்ணாடி போட்டுகினு. இவரு வேற யாரோ.”

ஒரு வாரமாகச் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவர்கள், அவன் சொன்ன முதல் உண்மைக்குக் கொதித்துப் போனார்கள்.

“நான் இவர் பக்கத்துல உக்காந்து பேசியிருக்கேன்” என்றாள் ரோஸ்மேரி.

“அதே மீசை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றான் பெனிட்டோ.

அண்ணாச்சியின் புதிய கறுப்பு முடி நெற்றியில் விழுந்தது. “ஏல, ஒம்பது பேரு கண்ணால பாத்திருக்கோம். நாங்க எல்லாம் பொய் சொல்லுதோம், நீ ஒருத்தன் அரிச்சந்திரனா? வந்த பார்ட்டிய அவமானப்படுத்துத. மன்னிப்புக் கேளு. இல்லன்னா கணக்க முடிச்சிட்டு வீட்டுக்குப் போ.”

 பகலவன் விடவில்லை.

“போறேன் அண்ணாச்சி. வேல போனா இன்னொண்ணு தேடிக்கலாம். அந்தப் பொண்ணு எனக்கு வேணும். அது அப்பா பேர எவனோ ஒருத்தன் மாட்டிகினு வந்து நிக்கறத, நான் பாத்துகினு நிக்க மாட்டேன்.”

வந்தவர் மெல்ல எழுந்தார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து, அண்ணாச்சியின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“கிருஷ்ணப்பன் நான்தாங்க. வெள்ளிக்கெயம எனக்கும் லீவு கெடைக்கல, மூணாந்தபாவும் தள்ளிப்போனா நல்லா இருக்காதுன்னு என் தம்பிய என் பேர்ல ஒக்கார வெச்சிட்டு டூட்டிக்குப் போயிட்டேன். அன்னிக்கு என் வூட்டுக்கு நெசமா வந்தது மாப்ள ஒருத்தருதான்.”