லத்தீன் ஆட்டோவில் ஒரு கிரிவலம்

ரோமாபுரிக்காரனே கைவிட்ட பாஷையை இன்றைக்கும் கட்டிக் காப்பாற்றுகிற ஒரே மனுஷர் எங்கள் செங்கம் ரோடு ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறார். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் ‘லத்தீன்’.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் வண்டியில் விட்டுப்போன தடிப் புத்தகத்தால் வந்த வினை. இங்கிலீஷ் வார்த்தைகளின் லத்தீன், கிரேக்க வேரெல்லாம் அதில் இருந்தது. திருப்பிக் கொடுக்க ஒரு மாதம் ஆளைத் தேடினார். அதற்குள் புத்தகம் மனப்பாடம். எங்களுக்குச் சனி பிடித்தது.

“ஹிப்போபொட்டமஸ்னா இன்னா சார்? ஹிப்போ, குதிரை. பொட்டமஸ், ஆறு. அவன் ஆத்துக் குதிரைன்றான், நாம நீர்யானைன்றோம். ரெண்டு பேருமே கிட்ட போய்ப் பாக்கல!”

வேங்கிக்கால் போய்ச் சேர்வதற்குள் இப்படிப் பத்து வார்த்தை.

ஒருநாள் ஒரு வெளிநாட்டுப் பெண் ஏறி உட்கார்ந்து, மலையைக் காட்டி, “சர்க்கமாம்புலேஷன்” என்றாள். லத்தீன் சாவியை உருவிவிட்டார்.

“சர்க்கம்னா சுத்தி. ஆம்புலாரேன்னா நடக்கறது. எறங்கி நடம்மா!”

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் கிரிவலம் வருவதாக என் மனைவி சரோஜா வேண்டிக்கொண்டாள். பேத்தி பிறந்தாள். அதே வாரம் இவள் பஸ் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். இனி தூரமெல்லாம் நடக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். சாமி கடன் பாக்கி என்று ஒரே அழுகை. சோறு இறங்கவில்லை.

“ஆட்டோல போலாமே” என்றேன்.

“அது கிரிவலமா? லத்தீன் சரின்னு சொல்லட்டும், வரேன்.”

போய்க் கேட்டேன். “வண்டில போனா நடை ஆவாது சார்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“உன் லத்தீன்ல இடி விழ!” என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலை வாசலில் ஆட்டோ. தலையணை போட்டு சரோஜாவை உட்காரவைத்தார். இன்ஜினைப் போடவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.

“இன்னா சார் பாக்கறீங்க? அம்மா சுத்தட்டும், நாம நடப்போம். பின்னாடி வந்து தள்ளுங்க!”

பதினாலு கிலோமீட்டர். ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று மூச்சு வாங்கினோம். மத்தியானம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது சரோஜா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் அவரைப் பார்த்தும் கும்பிட்டாள். கால் வீங்கி மூன்று நாள் ஸ்டாண்டுப் பக்கமே அவர் வரவில்லை.

இப்போதெல்லாம் அவர் வண்டியில் ஏறியதும் நானே கேட்டுவிடுகிறேன்: “இன்னிக்கு இன்னா வார்த்தை, லத்தீன்?”