ஓரக்கோட்டுக்கு ஐந்து புள்ளி

வாசகரே, ஊருக்கு ஊர் காணக்கூடிய ஓர் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன்: புள்ளி வாத்தியார். தேடி அலைய வேண்டாம். கல்முனையில் ஒரு பயிற்சி நிலையத்தில் முதலுதவி படிப்பிக்கும் நானே அந்த இனத்தின் கொழுத்த மாதிரி.

எங்கள் முறை நுட்பமானது. வகுப்புக்கு வந்தால் புள்ளி, வீட்டில் எழுதும் ஒப்படையை நாள் தவறாமல் தந்தால் புள்ளி, கொப்பியில் சிவப்பு ஓரக்கோடு அடித்தால் ஐந்து புள்ளி, என் பகிடிக்குச் சிரித்தால் கணக்கில் வராத ஒரு புள்ளி; எல்லாவற்றையும் கூட்டி, சரிபார்த்து, மறுபடியும் கூட்டி, 'ஏ' என்று எழுதும்போது வரும் நிம்மதிக்கு ஈடு பகல் தூக்கம் மட்டுமே. அந்தப் பிள்ளைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றத் தெரியுமா? அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. புள்ளித் தாளில் இல்லை.

சென்ற பாடநெறியின் முடிவில் சான்றிதழ் விழா. நிலாந்தினி, ஹுஸ்னியா, றிஸ்வான் மூவருக்கும் 'ஏ'. சபூறாவுக்கு 'சி'. கைக்குழந்தைக்காரி, பாதி நாள் வரவில்லை, ஒப்படையும் பிந்தித்தான் வந்தது. மேடையில் அவளுக்கு, "இன்னும் கொஞ்சம் முயற்சி செஞ்சிரிக்கலாம் புள்ள" என்று அறிவுரை வேறு வழங்கினேன்.

பிறகு சாப்பாடு. என் வகுப்பின் பெறுபேறுகளைப் பற்றிப் பணிப்பாளரிடம் பெருமையடித்துக்கொண்டே ஒரு கோழித் துண்டை வாயில் போட்டேன். அது தொண்டையில் நின்றுவிட்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

பயப்படவில்லை. சுற்றிலும் என் 'ஏ'க்கள் அல்லவா?

நிலாந்தினி ஓடி வந்தாள். "சேர், கதைக்க ஏலுமா?" முதலாம் படி, இரண்டு புள்ளி. இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயால் பதில் வராததால் மறுபடியும் கேட்டாள். "முதுகில தட்டணும்" என்றாள் ஹுஸ்னியா, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, மிகத் திருத்தமாக. "ஓம், தோள்பட்டைக்கு நடுவில" என்று றிஸ்வான் ஒத்துக்கொண்டான். ஒருவர் கையும் அசையவில்லை. பணிப்பாளர் தண்ணீர் தேடிப் போனார். கண் இருண்டது. மகளின் முகம் வந்தது. கலிமா சொல்ல நினைத்தேன். அதற்கும் மூச்சு வேண்டுமே.

அப்போது ஒரு கை என் நெஞ்சைத் தாங்கி முன்னே சாய்த்தது. இன்னொரு கை முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தது. கோழித் துண்டு பறந்துபோய்ப் பணிப்பாளரின் தட்டில் விழுந்தது.

சபூறா.

மூச்சுத் திரும்பியதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? நன்றியா? "நீ முதலாம் படியச் செய்யல்லியே புள்ள."

"சேருக்குக் கதைக்க ஏலாண்டு பாக்கவே தெரிஞ்சிச்சி. கேட்டு என்ன செய்ற?"

"இத எங்க படிச்ச?"

"நீங்கதானே காட்டித் தந்தீங்க. அண்டைக்கு நான் வந்திருந்தன். வீட்ட போய்த் தலகாணிய வெச்சிச் செஞ்சும் பாத்தன்."

மறுவாரம் 'ஏ' மூவரையும் அழைத்துத் தலையணையில் அடிக்கச் சொன்னேன். றிஸ்வான் அதைத் தடவிக்கொடுத்தான். "இதுக்கு எத்தின புள்ளி சேர்?" என்றாள் ஹுஸ்னியா. புள்ளியே இல்லை என்றேன், முகம் வாடிவிட்டது. ஆனாலும் மூவருக்கும் கை பழகும்வரை விடவில்லை. முதல் தடவையாக, ஒன்றும் எழுதாமல் படிப்பித்தேன். பிறகு சபூறாவின் 'சி'யை மாற்றப் போனேன். வரவுப் புள்ளி விதி இடம் தரவில்லை. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தவணை உங்கள் பிள்ளை தேர்ச்சி அறிக்கையோடு வந்தபோது என்ன செய்தீர்கள்? எண்பத்தேழு என்றது பிள்ளை. மீதிப் பதின்மூன்று எங்கே என்று வாசலிலேயே மறித்துக் கேட்டீர்கள்.

அந்த எண்பத்தேழு பிள்ளையின் கையில் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா?