மீசை போனதால் பூட்டிக்கொண்ட கணக்கு

நகரி,
ஞாயிறு.

சிரஞ்சீவி மச்சான் ஹேமநாத்துக்கு, உன் அக்கா புருஷன் ஆதிகேசவன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் மீசையைத் தவிர அனைவரும் க்ஷேமம். ஸ்ரீசிட்டி கம்பெனியில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும், வாட்ஸ்அப்பில் போட்டால் என் மகள் அக்ஷயா படித்துவிடுவாள் என்பதால்தான் தபாலாபீசில் கவர் வாங்கினேன்.

போன மாசம் நீ வந்து, "மாமா, நீ ஒரு லுங்கி நெய்யறதுக்குள்ள காசு வளந்துக்கினே இருக்கும்" என்று என் போனில் அந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சை ஏற்றி, ஆதாரையும் மீசையோடு என் முகத்தையும் படம் பிடித்துக் கொடுத்தாயே, அன்று நான் போட்ட நாற்பதாயிரம் என் பணமே இல்லை. வாஷிங் மெஷினுக்கென்று உன் அக்கா சுலோசனா சீட்டு எடுத்துக் கொடுத்தது. காயின் வாலட்டில் பத்திரம் என்றது ஆப். பார்க்க முடியாத காசு, பார்க்க முடியாத பையில்! பயந்துபோய், இது அறுபதாயிரம் ஆனால் மொட்டை போடுகிறேன் பெருமாளே என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அறுபத்திரண்டு! அப்போதே எடுத்திருக்கலாம். சாமி கடன் முதலில் என்று திருமலைக்கு பஸ் ஏறினேன். தலைமுடியோடு மீசையும் போயிற்று.

திரும்பி வந்து, விற்று பாங்குக்கு மாற்றப் போனால் முகத்தைக் காட்டு என்றது. காட்டினேன். இது அந்த ஆள் இல்லை என்றது. அக்ஷயாவின் கண்மையில் மீசை வரைந்தேன். கண்ணைச் சிமிட்டு, தலையைத் திருப்பு என்று அது சொன்னபடியெல்லாம் ஆடியதில் வியர்த்து, மீசை கன்னத்துக்கு வந்துவிட்டது. கூத்து ஆடுகிற தமிழ்செல்வனிடம் துரியோதனன் டோப்பாவையும் ஒட்டுமீசையையும் இரவல் வாங்கி மாட்டினேன், கணக்கையே பூட்டிவிட்டது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் அந்தப் பெண் தெலுங்கில், "சார், ஈ முகம் மீதி காது" என்றாள். இந்த முகம் என்னுடையது இல்லையாம்! "ஐம்பத்திரண்டு வருசமா இத்தத்தாம்மா வச்சிக்கினு இருக்கேன்" என்றேன். மீசை வளர்ந்ததும் வரச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இன்றைக்கு மீசை அரை விரற்கடை ஏறியிருக்கிறது, விலை இருபத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது.

இதற்கிடையில் மொட்டை எதற்கு என்று கேட்ட உன் அக்காவிடம், "உன் முழங்கால் வலிக்குத்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். "எனக்கோசரமாய்யா மீசைய எடுத்துக்கினு வந்தே?" என்று கண் கலங்கிவிட்டாள். அன்றிலிருந்து தினம் வடை. "இன்னும் ரெண்டு துன்னுய்யா" என்கிறாள். காயின் என்றால் எட்டணா என்று நினைக்கிற வெகுளி அவள். அவளுக்குத் தெரிவதற்குள் நீ நாற்பதாயிரம் அனுப்பிவிடு; மீசை வளர்ந்ததும் திருப்பித் தருகிறேன். இனி நம் குடும்பத்தில் யாரும் அந்த ஆப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

நீ நீண்ட ஆயுளோடும் அடர்ந்த முடியோடும் வாழ ஆசீர்வதிக்கும்,
ஆதிகேசவன்.

பி.கு.: தம்பி, சுலோசனா எழுதுகிறேன். துவைக்க எடுத்த சட்டைப் பையில் இது இருந்தது. நானே ஒட்டி அனுப்புகிறேன். பணம் எதுவும் அனுப்பாதே. நீ எனக்குத் தனியாகத் திறந்து கொடுத்த கணக்கில் இருந்ததை, விலை ஏறின அன்றைக்கே விற்று பாங்குக்கு எடுத்துவிட்டேன். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன், உடனே விட்டுவிட்டது. மெஷின் சனிக்கிழமை வருகிறது. எனக்கு வலி இடுப்பில்தான், முழங்காலில் இல்லை. இவரிடம் மூச்சு விடாதே. ஒரு வாரமாகப் பாத்திரமெல்லாம் இவர்தான் தேய்க்கிறார். மீசை மெதுவாகவே வளரட்டும்.