கம்பத்தில் ஏறிய சேலை

மஞ்சள் சேலை கம்பத்தில் ஏறி அரை நாழிகைகூட ஆகவில்லை. எதிர்த் திட்டிலிருந்து பதினெட்டுத் தோணிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தன.

திரௌபதிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தோணி. அதிலும் ஒரே ஒரு ஆள்.

"கெட்டுது போ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரன் என்கிற டச்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. குப்பத்து ஆண்கள் ஏரிக்கு நடுவிலிருந்த மணல்திட்டில் குடிசை போட்டு, பத்துப் பதினைந்து நாள் அங்கேயே தங்கி வலை போடுவார்கள். முகத்துவாரத்தில் மீன் கூட்டம் தெரிந்தால் கரையில் இருப்பவர்கள் மூங்கில் கம்பத்தில் ஒரு வெள்ளை வேட்டியை ஏற்ற வேண்டும். பார்த்ததும் அவர்கள் வலையோடு வந்துவிடுவார்கள். இது திரௌபதிக்கும் தெரியும். ஆனால் மீனுக்கு வெள்ளை வேட்டி, நம்முடையது மஞ்சள் சேலை, இந்த வித்தியாசம்கூடவா தெரியாது என்று நினைத்துவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் துணியும் ஒரே துணிதான். அதிலும் மீன் ஆசை பிடித்தவனுக்கு நிறமாவது ஒன்றாவது.

கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. மாதாமாதம் வரவேண்டியது அவளுக்கு மனசு வைத்தால்தான் வரும். ஒரு தடவை நாற்பது நாள், இன்னொரு தடவை மூன்று மாதம். போதாக்குறைக்கு மோவாயில் நாலு முடி.

மாமியார் செல்வம்மாளுக்கு அந்த நாலு முடியும் போதும், நாள் முழுக்கப் பேசுவதற்கு.

"மீசை வக்கிறதுக்கு மருமவளா வந்தா போலக்கீது! பதினஞ்சு வயசுல எம்புள்ளையைப் பெத்தவ நான். வைகாசிக்குள்ள நல்ல சேதி வரணும். இல்லாங்காட்டி ஆரம்பாக்கத்துல பொண்ணு பாத்து வச்சிக்கிறேன். அவ வருவா, நீ உங்க ஆத்தா வூட்டுக்குப் போவே."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை செல்வம்மாள். புருஷன் தாமோதரன் இருக்கிறானே, அவன் அம்மா நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். இன்னொருத்தியைக் கட்டு என்றால் மட்டும் முடியாது என்றா சொல்லப்போகிறான்?

திரௌபதி திருப்பாலைவனம் கோயிலுக்கு நடந்தாள். விரதம் இருந்தாள். தலை முழுகிய நாளிலிருந்து வலை நூலில் தினம் ஒரு முடிச்சாகப் போட்டு நாள் எண்ணினாள். மாமனார் குப்பன் அதிகம் பேசாத மனிதர். அந்த நூலை எடுத்துப் பிய்ந்த வலையைத் தைத்துவிட்டார். நாற்பத்தேழு நாள் கணக்கு ஏரித் தண்ணீருக்குள் போயிற்று.

கடைசியில் மருத்துவச்சி கஸ்தூரியம்மாளிடம் போய் அழுதாள்.

"நாள் எண்றதெல்லாம் ஒழுங்கா வர்றவளுக்குடி. உனக்கு ஆவாது. நீ உடம்பைப் பாரு. முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு படும். அடிவயித்துல ஒரு பக்கமா சுருக்குனு வலிக்கும். அன்னிக்கும் மறுநாளும் புருசன் வூட்ல இருக்கணும்."

"அவரு திட்டுல இருப்பாரே?"

"அதுக்கு? நானா போய் இட்டாரணும்?"

அதனால்தான் அந்த மஞ்சள் சேலை.

தோணிகள் கரை தட்டின. முதலில் குதித்தவர் ஊர் நாட்டார் தருமன். குப்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "எங்க மீனு?" என்றார்.

பதினெட்டுத் தோணி ஆண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு பெண் என்ன சொல்வாள்? "அங்க... மடவைக் கூட்டம்... பளபளன்னு தெரிஞ்சுது" என்று ஏதோ ஒரு திசையைக் காட்டினாள். அவ்வளவுதான். அத்தனை பேரும் அந்தத் திசையில் பொழுது சாயும்வரை வலை வீசினார்கள். ஒரு நண்டுகூட இல்லை. தாமோதரன் வீட்டுக்கு வந்தான், இரண்டு வட்டில் சோறு தின்றான், சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். குறட்டை தெருக்கோடிவரை கேட்டது. மறுநாள் விடிவதற்கு முன்பே நாட்டார் எல்லாரையும் திட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

முந்தின நாள் குப்பன் மட்டும் மீன் தேடப் போகவில்லை. "இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்று கரையிறங்கிய கையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். செல்வம்மாள் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, "நீ இன்னாடி இங்க நிக்கிற? கரைக்குப் போய் வலையைக் காயப்போடு" என்று மருமகளை விரட்டினாள்.

திரௌபதியின் உடம்பு இருக்கிறதே, அதற்கு மனிதரை ஏமாற்றுவதில் தனி ருசி. பத்தே நாளில், தை பிறந்ததும், மறுபடியும் வெள்ளைக்கரு காட்டியது. முன்னது நிஜமா, இது நிஜமா, இரண்டும் பொய்யா? யாரைக் கேட்பது?

இந்தத் தடவை முன்கூட்டியே தாமோதரனிடம் சொல்லி வைத்திருந்தாள். "பச்சைச் சேலை ஏறினா உனக்கு மட்டும்தான்யா. யாருக்கும் தெரியாம, சத்தம் போடாம வா."

தாமோதரன் அப்படியே செய்தான். யாருக்கும் தெரியாமல் எழுந்து, பூனை மாதிரி நடந்து, அப்பனையும் ஏற்றிக்கொண்டு, துடுப்புச் சத்தம் கேட்காமல் தோணியைத் தள்ளினான். மீன்பிடிக்கிற ஊரில் ஒருவன் சத்தம் போடாமல் தோணி தள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்னாலேயே பதினேழு தோணியும் வந்தன.

முகத்துவாரத்தில் அன்றைக்கு யார் வலை போடுவது என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் மீன் பிடிப்பது அந்தக் குப்பத்தில் கொலைக்கு அடுத்த குற்றம்.

"திருட்டுத்தனமா அடுத்தவன் பாட்டுல கை வக்கப் பாத்தியா?" என்று நாட்டார் தாமோதரனின் கழுத்துத் துண்டைப் பிடித்தார்.

"இல்ல நாட்டாரே, நான் வந்து..."

"நீ வந்து?"

சேலைச் சங்கதியை அத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வான்? புருஷனையும் பெண்டாட்டியையும் நாட்டார் வீட்டு வாசலில் விசாரணைக்கு உட்கார வைத்தார்கள். இரண்டு பகல் அங்கேயே போயிற்று. இந்த மாதத்துப் பாடு உனக்குக் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. குப்பன் பாவம், வயசானவர் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது தடவை திரௌபதி சிவப்புச் சேலை ஏற்றினாள். அதோடு கோட்டைக்காரனுக்கும் பொறுமை போயிற்று. மஞ்சள், பச்சை, இப்போது சிவப்பு. ஏற்றும்போதெல்லாம் தோணிகள் பாய்கின்றன. எதிரிக் கப்பலுக்கு அடையாளம் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, துப்பாக்கிச் சேவகர் எட்டுப் பேரோடு ஒரு கப்பித்தான் வந்து இறங்கினான். கூடவே பேச்சை மொழிபெயர்க்கத் தலைப்பாகை வைத்த துபாஷி.

"எந்தக் கப்பலுக்கு அடையாளம் காட்டினீர்கள்? சொல்லாவிட்டால் நாட்டாருக்கு இருபது கசையடி!" என்றார் துபாஷி.

நாட்டார் தருமனுக்கு வேட்டி நழுவியது. "யம்மா திரௌபதி, சொல்லிடுமா. உன் காலைத் தொட்டுக் கேக்கிறேன்."

ஊரே நின்றது. திரௌபதிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்ன செய்துவிட்டேன் நான்? ஒரு புள்ளைக்கு ஆசைப்பட்டேன். அதற்கு நாட்டார் பஞ்சாயத்து, கோட்டைப் பஞ்சாயத்து!

"எந்தக் கப்பலுக்கும் இல்ல சாமி, எம்புருசனுக்கு! இன்னிக்கி நல்ல நாளு, வூட்டுக்கு வாய்யானு கூப்ட்டேன். போதுமா?"

துபாஷி இருமிவிட்டு, கப்பித்தானின் காதில் சொன்னார். கப்பித்தான் முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காரணம் தெரியாத சேவகரும் கூடச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு சேலை ஏறினால் திட்டில் ஒரே கூச்சல். "டேய், தாமோதரனுக்கு நல்ல நாளுடோய்!" வேடிக்கை பார்க்க ஊர் மொத்தமும் கரைக்கு வரும். வந்தவர்கள் சும்மா போவானேன் என்று அவரவர் வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு தின்று, இருந்துவிட்டுத் திரும்புவார்கள். வராதவன் ஒருத்தன்தான், தாமோதரன். வெட்கமாம்! குடிசைக்குள் தலையோடு போர்த்திப் படுத்துக்கொள்வான். தோணியைக் குப்பன் தனியாகத் தள்ளிக்கொண்டு வருவார்.

செல்வம்மாள் பங்குனி முழுக்கப் பொரிந்து தள்ளினாள். "ஊரு சிரிக்குதுடி! சேலையை ஏத்திப் புள்ளை பெக்கிறாளாம்! எனக்கெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை தவறினதில்ல. தையோட நின்னும் போச்சு. வர்றதுலயும் ஒழுங்கு, போறதுலயும் ஒழுங்கு. நீயும் ஒரு பொம்பளை! கொழம்பா இது? வாய்கிட்ட கொண்டுபோனா பொரட்டுது!"

வைகாசியும் வந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் பேச்சு முடிக்க வந்தார்கள். பெண்ணின் தாய் மணியம்மாள் பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வீட்டின் கூரையை அளந்தாள். விருந்துக்குக் கொடுவா மீன் குழம்பு. சமைத்தது யார்? திரௌபதிதான். சக்களத்தி வருவதற்குத் தன் கையாலேயே குழம்பு வைக்கிற கொடுமை வேறு எந்த ஊரில் நடக்கும்? கண்ணில் நீர் முட்ட, மூட்டை கட்டி வைத்திருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு தூணோரம் நின்றிருந்த தாமோதரனைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை பேசமாட்டியா நீ?"

"அம்மா பேசிக்கினு இருக்குதே" என்றான் அவன்.

செல்வம்மாள் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தாள். "எங்க வம்சத்துல பொம்பளைங்களுக்குப் புள்ளைக்குக் கொறைச்சலே கெடையாது. இவ ஒருத்திதான்..." என்று ஆரம்பித்தாள். குழம்புச் சட்டி உள்ளே வந்தது. வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மணியம்மாளின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்தாள்.

"வெசம்... கொழம்புல வெசம் வச்சுட்டா பாவி..." என்று முனகினாள்.

கூட்டம் கூடிவிட்டது. நாட்டார் வந்துவிட்டார். தாமோதரன்கூடப் பெண்டாட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இத்தனை நாள் மலடி, இன்றைக்குக் கொலைகாரி!

செல்வம்மாளை உள்ளறையில் கிடத்திவிட்டு, கஸ்தூரியம்மாளை அழைத்து வந்தார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாடி பார்க்கிற நேரம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

"வெசமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நாலு மாசம்."

எல்லாரும் திரௌபதியின் பக்கம் திரும்பினார்கள். திரௌபதி தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்தாள்.

"நீ இன்னாத்துக்குடி தொட்டுப் பாக்குற? உள்ள படுத்திருக்கிறவளுக்குச் சொல்றேன்!"

மணியம்மாள் மடியை உதறிக்கொண்டு எழுந்தாள். "மாமியாருக்குப் பிள்ளைப்பேறு பாக்கவா எம்பொண்ணைக் குடுப்பேன்? நடங்க எல்லாரும்!" வந்த வழியே போய்விட்டார்கள். திரௌபதிக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. ஐந்து வருஷத்துச் சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. மூட்டையைக் காலால் மூலைக்குத் தள்ளினாள்.

"நைனா!" என்றான் தாமோதரன், வாய் பிளந்து.

ஊர் முழுக்கக் குப்பனைப் பார்த்தது. வலை தைத்துக்கொண்டிருந்த அந்த அதிகம் பேசாத மனிதர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க? கம்பத்துல சேலை ஏறுச்சு, நானும் கரைக்கு வந்தேன்."