பல் டாக்டர் கிழித்த கோடு

எல்லைக்கோட்டுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. இவர்களைப் பார்க்கப் பைனாகுலரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டாம். எங்கே நாலு பேர் எழுந்து ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ, அங்கே இவர் தானாகவே முளைப்பார். முளைத்ததும், "எதுக்கும் ஒரு எல்லை இருக்கு சார்" என்று ஆரம்பிப்பார். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் அவரே சொல்வார்.

எனக்குத் தெரிந்தவர்களில் முதல்தரமான எல்லைக்கோட்டுக்காரர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். தொழில், பல் வைத்தியம். இதைவிட வசதியான தொழில் உண்டா? கேட்பவர் மல்லாந்து கிடக்கிறார், வாய் முழுக்கப் பஞ்சு, தலைக்கு மேல் விளக்கு, டாக்டர் கையில் துளைபோடும் கருவி. எதிர்வாதம் எங்கிருந்து வரும்?

அந்த வாரம் அரசாங்கம் நாடாளுமன்றத்தை முடக்கியிருந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் வாக்கெடுப்புக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள் என்று யாரோ வழக்குப் போட்டிருந்தார்கள். நான் அத்தானின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன்.

"பார்லிமெண்டை எப்ப கூட்டணும், எப்ப மூடணும்ங்கிறது அரசாங்கத்தோட வேலை. கோர்ட்டுக்கு இதுல என்ன வேலை? நீ என்ன சொல்ற மச்சான்?"

"ஆ… ஊ…"

"பாத்தியா, நீயே ஒத்துக்கிற."

இதே நாற்காலியில், போன ஆட்சியில், இப்போதைய எதிர்க்கட்சி இதே காரியத்தைச் செய்தபோது, "கோர்ட்டு என்ன தூங்குதா?" என்று கேட்டு இதே அத்தான்தான் கொதித்தார். அப்போது என் கடைவாய்ப் பல்லில் ஓட்டை; இப்போது அதில் மூடி. பல்லே மாறிவிட்டது, கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்குமா?

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. பல் ஊசியில் மரத்துப்போன கன்னத்தோடு நான் ஒரு வாய் சாப்பிட்டால் அரை வாய் சட்டையில் விழுந்தது. அப்போதுதான் அவர்கள் மகள், பல் மருத்துவம் இரண்டாம் வருடம் படிப்பவள், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பல் வேண்டாம்."

"என்னது?"

"பல் படிப்பு வேண்டாம்ப்பா. ரயில் ஓட்டப் போறேன். பரீட்சை எழுதினேன். பாஸாயிட்டேன்."

அத்தானின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பிறகு அவரே எழுந்தார்.

"இந்தப் பேச்சு இத்தோட நிறுத்தம். படிப்பை முடி, அப்புறம் பேசிக்கலாம்."

"படிப்பை முடிச்ச பிறகு பேச என்னப்பா இருக்கு?"

"எப்ப பேசணும், எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்!"

அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "அம்மா!" என்றாள். ஒரே சொல். மேல்முறையீடு.

அக்கா வங்கியில் மேலாளர். குரலை உயர்த்தாமலே கூட்டத்தை வரிசையில் நிறுத்துபவள்.

"உக்காருங்க" என்றாள்.

"இது எனக்கும் அவளுக்கும் நடுவுல. நீ தலையிடக் கூடாது."

"அவ பல் புடுங்கணுமா ரயில் ஓட்டணுமான்னு நான் சொல்ல மாட்டேன். அதை நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. ஆனா பேசவே விடாம எந்திரிச்சுப் போனா, அதைக் கேக்க வீட்ல ஒரு ஆள் வேணாமா? நிறுத்தினது செல்லாது. உக்காருங்க."

"எந்த அதிகாரத்துல சொல்ற?"

"நீங்க எந்த அதிகாரத்துல நிறுத்தினீங்க?"

அத்தான் ஆதரவு தேடி என்னைப் பார்த்தார். "சொல்லு மச்சான்!"

"ஆ… ஊ…" என்றேன்.

"பாத்தீங்களா, தம்பியே ஒத்துக்கிறான்" என்றாள் அக்கா.

அத்தான் உட்கார்ந்தார். மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "யாராவது வாயைத் திறந்தாலே எனக்குக் கை நடுங்குதுப்பா. நீங்க ஆசைப்பட்டீங்கன்னுதான் சொல்லல." அத்தான் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில், "எனக்கப்புறம் அந்த நாற்காலி பக்கத்துல யாரும்மா நிப்பா?" என்றார். எல்லையும் கோடும் எங்கேயோ போய்விட்டன. பயந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அவர் சம்மதிக்கவில்லை. மறுநாளும் பேசினார்கள், அதற்கடுத்த நாளும் சண்டை போட்டார்கள். கடைசியில் ரயில் பயிற்சிப் பள்ளிக்கு அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அத்தான்தான். எஞ்சினுக்குப் பிரேக் எப்படிப் பிடிப்பார்கள் என்று அங்கிருந்த வாத்தியாரைக் குடைந்தெடுத்தாராம்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த முடக்கம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று, துளைபோடும் கருவியை ஆட்டி ஆட்டி, "கோர்ட்டு எல்லை மீறிடுச்சு!" என்று நோயாளிக்கு மேலே நின்று முழங்கினார்.

"அத்தான், வீட்ல அக்கா சொன்னது மட்டும்…?"

"அது வேற. அதுல நியாயம் இருந்துச்சு."

நன்றாகச் சிரித்தீர்களா, வாசகரே? ஒரு சின்னச் சந்தேகம். ஆளுங்கட்சி எது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் ஒரு கட்சியை மனதில் உட்காரவைத்துத்தானே படித்தீர்கள்? அதை எழுப்பிவிட்டு, உங்களுக்குப் பிடித்த கட்சியை அங்கே உட்காரவைத்து இன்னொரு முறை படியுங்கள். என்ன, "அது வேற" என்று நாக்கு நுனியில் வருகிறதா?

வாயை மூடாதீர்கள். கொஞ்சம் பார்க்க வேண்டும்.